நிறுத்தி வைத்த வண்டியும் பிரித்துப் போட்ட வண்டியும்

சென்னையில் பழைய மோட்டார் சைக்கிளைப் பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் விண்டேஜ் கண்காட்சி. மற்றொன்று, எழும்பூரை ஒட்டிக் கூவம் கரையோரம் வருடம் முழுவதும் இயங்கும் புதுப்பேட்டை. முன்னதில் வண்டி முழுதாக நிற்கிறது. பின்னதில் பகுதி பகுதியாகக் கிடக்கிறது. முன்னதற்குப் போகிறவர் கேமராவோடு போகிறார். பின்னதற்குப் போகிறவர் கழற்றிய பாகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் பழைய புல்லட்டோ யெஸ்டியோ வைத்திருப்பவர்கள் இரண்டு இடத்துக்கும் போகிறவர்கள்தான். இருந்தும் இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவோர் குறைவு. ஒன்றைப் பாரம்பரியம் என்கிறோம், மற்றொன்றைக் காயலான் கடை என்கிறோம். இந்தப் பாகுபாடு எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்போம்.

வேற்றுமைகளிலிருந்து தொடங்கலாம். கண்காட்சியில் ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் ஓர் அட்டை இருக்கும். பி.எஸ்.ஏ. எம்20, 496 சிசி, சைடு வால்வு, இரண்டாம் உலகப்போரில் படைக்கு ஓடியது என்று எழுதியிருந்தால், ஒன்றுமே தெரியாமல் வந்தவரும் தெரிந்துகொண்டு போவார். புதுப்பேட்டையில் அட்டை கிடையாது. கிராங்க் கேஸ்களும் ஃபோர்க்குகளும் டேங்குகளும் கூரை வரை அடுக்கியிருக்க, எது எந்த வண்டியுடையது, எந்த வருடத்தது என்பது கடைக்காரருக்குத் தெரியும், கேட்கிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கண்காட்சி அறிவைக் கொடுக்கிறது. சந்தை அறிவைக் கேட்கிறது.

விலையும் அப்படித்தான். கண்காட்சியில் நிற்கும் வண்டிக்கு அன்றைக்கு விலை இல்லை. உரிமையாளரிடம் விலை கேட்பதே கொஞ்சம் மரியாதைக் குறைவு. சந்தையில் விலை இல்லாத பொருளே இல்லை. ஆனால் அந்த விலை இரண்டு வகை. யாருக்கும் அடையாளம் தெரியாத இரும்பு எடைக்குப் போகும். அதே இரும்பை ஒருவர் கையில் எடுத்து, இது இன்ன வண்டியின் இன்ன பாகம் என்று சொல்லிவிட்டால் அது எடையிலிருந்து தப்பித்துப் பாகமாகிவிடும். ஒருவருடைய அறிவு ஒரு பொருளை உருக்காலையிலிருந்து மீட்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம். கண்காட்சி செய்வதும் இதே மீட்புதான். யாரோ ஒருவர் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை அடையாளம் கண்டுகொண்டதால்தான் அந்த வண்டி இன்று அட்டையோடு நிற்கிறது.

முதல் ஒற்றுமை இங்கே தெரிகிறது. இரண்டாவது ஒற்றுமை இன்னும் எதிர்பாராதது. பொதுவாக எந்தக் கடைத்தெருவிலும் புதியதற்கு மதிப்பு அதிகம், பழையதற்குக் குறைவு. இந்த இரண்டு இடங்களிலும் அந்த விதி தலைகீழாகிறது. கண்காட்சி நடுவர் மின்னும் புது வைசரைவிட, தேய்ந்திருந்தாலும் வண்டியோடு வந்த வைசரையே விரும்புவார். புதுப்பேட்டைக்கு வரும் மெக்கானிக்கும், ஜி.பி. ரோட்டில் பளபளக்கும் உறையில் கிடைக்கும் லோக்கல் பீஸைவிட, எண்ணெய்க் கறை படிந்த பழைய கம்பெனிப் பாகத்தையே தேடுவார். நடுவருக்குக் காரணம் வரலாறு. மெக்கானிக்குக்குக் காரணம் உலோகத்தின் தரம். இருவரும் செய்வது ஒரே சோதனைதான்: வார்ப்பில் இருக்கும் குறியைத் தடவிப் பார்ப்பது, மரையைப் பார்ப்பது, என்ஜின் எண்ணைப் படிப்பது. நடுவர் படிக்கும் அதே எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காமல் நல்ல வியாபாரி என்ஜினைக் கைமாற்ற மாட்டார். ஓரிடத்தில் அது வண்டியின் மெய்ம்மைக்குச் சான்று. மற்றோரிடத்தில் அது திருட்டு வண்டி அல்ல என்பதற்குச் சான்று.

மேலைநாட்டில் இவ்விரண்டும் ஒரே மைதானத்தில் நடக்கின்றன. இங்கிலாந்தின் பியூலியில் உள்ள மோட்டார் அருங்காட்சியகம் 1967இல் தன் வளாகத்திலேயே பழைய பாகங்களுக்கான சந்தையைத் தொடங்கியது. காரும் மோட்டார் சைக்கிளும் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் விரிப்புகளில் பாகங்கள் கிடக்கும். அதே 1967இல்தான் ராயல் என்ஃபீல்டின் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல். ஆனால் இரண்டும் ஒரே காலத்தின் விளைவு என்பது தற்செயல் அல்ல. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிய நாட்டில், பாகம் வேண்டுமென்றால் இன்னொரு உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு நாளும் ஒரு மைதானமும் தேவைப்பட்டன.

நமக்கு அந்தத் தேவை வரவில்லை. காரணம், நம் பழைய வண்டி பழையதாகவே ஆகவில்லை. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக ராணுவம் 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தாய்த் தொழிற்சாலை மூடிய பிறகும் என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர்த் தொழிற்சாலை அதே 346 சிசி வார்ப்பிரும்பு என்ஜினை 2000களின் இறுதிவரை செய்துகொண்டிருந்தது. 1977இல் அந்த வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. அங்கே அருங்காட்சியகப் பொருளாகிவிட்ட வண்டிக்கு இங்கே கடையில் புது பிஸ்டன் கிடைத்தது. ஆகவே பாகச் சந்தை திருவிழாவாகவில்லை. தினசரிக் கடைத்தெருவாகவே இருந்துவிட்டது.

இதற்கு மறுபக்கம் யெஸ்டி. 1960இல் மைசூரில் உருவான ஐடியல் ஜாவா, செக்கோஸ்லோவாக்கிய ஜாவாவின் உரிமத்தில் தொடங்கி, 1970களில் யெஸ்டி என்ற பெயருக்கு மாறி, 1996இல் மூடியது. புல்லட்டைப் போலவே அதுவும் அயல்நாட்டு வடிவம், தென்னாட்டுத் தொழிற்சாலை. ஆனால் புல்லட்டுக்கு வாய்த்த தொடர்ச்சி அதற்கு வாய்க்கவில்லை. 2018இல் ஜாவா பெயரும் 2022இல் யெஸ்டி பெயரும் திரும்பி வந்தாலும், வந்தவை வேறு என்ஜின் கொண்ட வேறு வண்டிகள். பழைய இரட்டைச் சைலன்சர் டூ-ஸ்ட்ரோக்குக்கு அவற்றிலிருந்து ஒரு திருகாணிகூட உதவாது. இதன் விளைவைக் கண்காட்சியிலும் சந்தையிலும் ஒருசேரப் பார்க்கலாம். சந்தையில் புல்லட் பாகம் குவியலாகக் கிடக்கும், யெஸ்டி பாகம் தேடித்தான் கிடைக்கும். கூட்டங்களிலோ யெஸ்டிக்காரர்களின் ஒற்றுமை கண்ணில் படும். ஜூலை இரண்டாம் ஞாயிற்றில் ஜாவா–யெஸ்டி நாள் என்று அவர்கள் ஊர் ஊராகக் கூடுவதில் ஊர்வலம் பாதி என்றால், யாரிடம் கார்புரேட்டர் இருக்கிறது, யாரிடம் கிராங்க் இருக்கிறது என்ற விசாரணை மீதி. பியூலியில் நடப்பதற்கு மிக அருகில் வருவது இதுதான். பற்றாக்குறை அவர்களைக் கூட்டியது. புல்லட்காரர்கள் பாகத்துக்காக அந்த அளவுக்கு ஒன்றுகூட வேண்டிய தேவையே எழவில்லை.

மேற்குப் புறநகருக்கு வருவோம். கண்காட்சிக்கும் சந்தைக்கும் போய் வருகிற வண்டி உண்மையில் உயிர்பெறுவது அம்பத்தூர்ப் பக்கத்து லேத் பட்டறைகளில்தான். மரபும் அங்கேயே இருக்கிறது. பிரிட்டிஷ் பைக்குகளின் விளக்கிலும் டைனமோவிலும் பதிந்திருந்த லூகாஸ் என்ற பெயர் 1961 முதல் பாடியில் டி.வி.எஸ்.ஸோடு சேர்ந்து நிற்கிறது. டன்லப் டயர் அம்பத்தூரில் செய்யப்பட்டது. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் முடங்கிய பிறகும், பி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்து டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக நம் பிள்ளைகளின் சைக்கிள்களில் ஓடிக்கொண்டிருந்தது. கண்காட்சியில் எம்20-ஐப் பார்த்து, இது சைக்கிள் கம்பெனி ஆயிற்றே என்று வியக்கும் அம்பத்தூர்க்காரரின் கேள்வி அறியாமையால் வந்ததல்ல. அவர் வேறொரு பாதியை அறிந்தவர்.

1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளில், எங்கும் கிடைக்காத புஷ்ஷைக் கன்மெட்டலில் கடைந்து கொடுப்பார்கள். தேய்ந்த சிலிண்டருக்கு ஸ்லீவ் போடுவார்கள். பழைய புல்லட்டின் பல திருகாணிகள் அங்குலத்துக்கு 26 மரை கொண்ட பிரிட்டிஷ் அளவு. யெஸ்டி மில்லிமீட்டர் அளவு. இரண்டையும் கை பழகியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். கண்காட்சி நடுவர் புதிதாகக் கடைந்த பாகத்துக்கு மதிப்பெண் குறைப்பார். அந்தப் பாகம் இல்லையென்றால் வண்டி அவர் முன்னால் வந்தே இருக்காது.

இனி சட்டம். கண்காட்சிக்கும் சந்தைக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை. 2021இல் மத்திய அரசு இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது. ஒன்று, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேசிஸிலும் என்ஜினிலும் பெரிய மாற்றமில்லாத வண்டியை விண்டேஜ் என்று அங்கீகரித்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள், கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் வரலாம், தினசரி ஓட்டக் கூடாது. மற்றது, பதிவுபெற்ற உடைப்பு நிலையங்களில் வண்டிகளை முறைப்படி உடைப்பதற்கானது. ஒரே ஆண்டில் ஒரு கை காக்க, ஒரு கை கழிக்க.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கணக்கிட்டுப் பாருங்கள். சொந்த உபயோக மோட்டார் சைக்கிளுக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும். 15இலிருந்து 50 வரை போக ஏழு புதுப்பித்தல்கள். இந்த 35 ஆண்டுகளில் அந்த வண்டிக்கு எந்தப் பெருமையும் இல்லை. அது புதியதும் அல்ல, விண்டேஜும் அல்ல. வெறும் பழைய வண்டி. 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ்100 முதல் வண்டிக்கே 2035இல்தான் 50 நிறையும். அதுவரை அதை ஓட வைக்கப்போவது எந்த கிளப்பும் அல்ல. பதினைந்து வயதில் ஒரு கிளட்ச் பிளேட்டும், முப்பது வயதில் ஒரு கார்புரேட்டரும், நாற்பது வயதில் ஒரு பெட்ரோல் டேங்கும் கொடுத்து அதை அரைநூற்றாண்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது புதுப்பேட்டைதான். கண்காட்சி ஐம்பதாம் வயதில் மாலை போடுகிறது. அந்த வயது வரை சோறு போட்டது சந்தை.

சந்தை கெடுப்பதும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். என்ஜின் போனால் வேறு என்ஜினை வாங்கி மாட்டிவிடும் வசதி அங்கே இருப்பதால், அரைநூற்றாண்டைக் கடந்தும் விண்டேஜ் ஆக முடியாத வண்டிகள் பல. முழு வண்டியாக இருந்திருக்க வேண்டியதைப் பாகங்களாகப் பிரித்தால் அதிகம் கிடைக்கும் என்ற கணக்கில் இழந்த வண்டிகளும் பல. கண்காட்சிக்கும் அதன் குறை உண்டு. மெருகு கூடக் கூட ஓட்டம் குறைகிறது. லாரியில் ஏற்றி வந்து, இறக்கி, நிறுத்தி, மறுபடி ஏற்றிப் போகும் வண்டிகள் கூடிவருகின்றன. பிரிப்பது ஒரு சாவு என்றால் ஓட்டாமல் நிறுத்துவதும் அதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை. எதைத் தேர்வு செய்ய வேண்டும் என்றால், மாற்றுப் பாகத்தோடு ஓடுகிற வண்டியையே நான் தேர்வு செய்வேன்.

ஆயுத பூஜையன்று அம்பத்தூர் பட்டறைக்குப் போனவர்களுக்கு இவ்விரண்டும் சேர்ந்தே இருக்க முடியும் என்பது தெரியும். லேத்துக்கும் சந்தனம் குங்குமம், ஸ்பேனருக்கும் பொட்டு, பாதி பிரித்த வண்டிக்கும் மாலை. பார்க்க வைப்பதும் வேலை செய்வதும் அங்கே ஒரே கூரைக்குக் கீழே நடக்கின்றன.

ஆகவே கண்காட்சி நடத்தும் அமைப்புகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ ஒரு மைதானம் எடுத்தால், அதில் ஒரு வரிசையைப் பாக வியாபாரிகளுக்கும் லேத்காரர்களுக்கும் வாடகையில்லாமல் ஒதுக்குங்கள். ரசீதும் எண் சரிபார்ப்பும் இருக்கட்டும். அவர்களுக்கும் அது பாதுகாப்பு. ஒவ்வொரு வண்டியின் அட்டையிலும் உரிமையாளர் பெயருக்குக் கீழே, அதைப் பிரித்துச் சேர்த்த மெக்கானிக்கின் பெயரையும், கிடைக்காத பாகத்தைக் கடைந்து கொடுத்தவரின் பெயரையும் அச்சிடுங்கள்.