கேட்டமரான்

கேட்டமரான் என்பது இரண்டு உடல்களைத் தளம் போட்டு இணைத்துக் கட்டிய படகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தமிழ்க் ‘கட்டுமரம்’ தான் இதன் மூலம். பழவேற்காட்டின் கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் போன்ற கடற்கரை ஊர்களில் ‘மரம்’ என்றாலே கட்டுமரத்தைத்தான் குறிக்கும்.

ஒலிப்பு: தமிழில் ‘ட்டு’ அழுந்தி ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இரட்டிப்பு போய், ஈற்று மகரம் னகரமாகி, ‘கேட்டமரேன்’ என நிற்கிறது. கடைசி அசையை ஓங்கிச் சொல்வதே முதன்மை வழக்கு. முதலசையை ஓங்கிச் சொல்வோரும் உண்டு.

வரலாறு: 1583இல் சாந்தோம் வந்த வெனிஸ் வணிகர் காஸ்பரோ பால்பி இச்சொல்லைத் தம் காதுக்கு எட்டியபடி ‘கட்டமெரோனி’ என்று பதிந்தார். ஆங்கிலத்தில் 1673ஆம் ஆண்டுப் பயணத்தை எழுதிய ஜான் ஃப்ரையரிடமும், 1697இல் நூல் வெளியிட்ட வில்லியம் டாம்பியரிடமும் இது வருகிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டை எழுப்பியது 1613இல்; ஆழம் குறைந்த இக்கரையில் பெருங்கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட, அலையைக் கடந்து போய்வரக் கரையோரப் படகுகளே துணை. சென்னையில் கட்டுமரக்காரர்கள் நீர் புகாத தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக் கப்பலுக்குக் கொண்டு சென்றனர்.

அலையில் கட்டுமரம் மூழ்காத காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. எடை குறைந்த மரத்துண்டுகளைச் செதுக்கி, பக்கம்பக்கமாக வைத்து, கயிற்றால் இறுகக் கட்டுகிறார்கள். மேலே ஏறிய தண்ணீர் மரங்களின் இடைவெளியில் வழிந்துவிடும். இறைக்க வேண்டிய வேலையே இல்லை. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மணலில் உலர்த்துவார்கள். ஊறிய மரம் கனக்கும். ஓட்டை விழ இடமில்லாத இந்த அறிவார்ந்த கலத்தை ‘வெறும் மிதவை’ என்று எழுதிய ஐரோப்பியர் அதன் நுட்பத்தைக் காணவில்லை.

பொருள் மாற்றம்: 1804இல் பிரிட்டிஷார் பூலோன் துறைமுகத்தின் மீது ஏவிய வெடிகலங்களுக்கும் இப்பெயரே. சண்டைக்காரப் பெண்ணை இப்படி ஏசுவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இருந்தது. 1876இல் அமெரிக்கர் நத்தானியேல் ஹெரெஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டையுடல் பாய்மரப் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டியபின் இன்றைய பொருள் வேரூன்றியது. இரட்டையுடல் அமைப்பு பசிபிக் தீவினருடையது. பெயர் மட்டுமே நம்முடையது.

இன்று: 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் ஃபைபர் படகுகளே பெருகியுள்ளன, கட்டுமரம் குறைந்துவிட்டது.