சூஃபி கண்ட மேகத் தீற்றல்

ஹிஜ்ரி 353, அதாவது கி.பி. 964ஆம் ஆண்டளவில் பாரசீக மண்ணில் உருவான அரபு நூல் ‘கிதாபு ஸுவரில் கவாகிப்’. அதன் ஆசிரியர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, ரய் நகரில் 903இல் பிறந்து, புவைஹி மன்னர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் வானை ஆராய்ந்தவர். ‘அல்மர்அத்துல் முஸல்ஸலா’, அதாவது சங்கிலியால் பிணிக்கப்பட்ட மங்கை எனும் விண்மீன் கூட்டத்தைப் பற்றிக் கூறுமிடத்து, அங்கே வரையப்பெறும் மீனின் வாயருகே ‘லத்கா ஸஹாபிய்யா’ ஒன்று உண்டென்று அவர் குறிக்கிறார். ‘லத்கா’ என்பது கறைபோல் படிந்த தீற்றல், ‘ஸஹாப்’ மேகம். ஆண்டிரோமீடா மண்டலத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்பு இதுவே என்பர்.

இதைக்கொண்டு, வேறொரு விண்மீன் மண்டலத்தை முதன்முதல் கண்டுபிடித்தவர் சூஃபியே என முழங்கும் சொற்பொழிவாளர்கள் நம்மிடையே உளர். அது மிகை. தீற்றல் யாதென்றோ, எத்துணைத் தொலைவிலுள்ளதென்றோ அவர் சொல்லவில்லை. அவருடைய பெருமை வேறு. வானை நோக்காது, பிறர் செய்த கோளங்களையும் ஏடுகளையும் நம்பியிருந்தோரை முன்னுரையிலேயே கண்டித்தவர் அவர். தாலமி தந்த ஒளியளவுகளையும் தம் கண்ணால் பார்த்தே திருத்தினார். அத்தகையவர் கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தார், அதுவே போதும்.

ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், 1885 ஆகஸ்டில், அதே தீற்றலின் நடுவே புதியதொரு விண்மீன் சுடர்விட்டது. இன்று எஸ்தோனியாவில் தார்த்து என வழங்கும் தோர்பத் நகரின் ஆய்வகத்திலிருந்து ஹார்ட்விக் என்பார் அதனை அறிவித்தார். வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லைவரை ஒளிர்ந்து, சில திங்களில் மங்கி மறைந்தது.

மறைந்த அச்சுடர் அறிஞரிடையே ஒரு பெரும் வழக்கை விட்டுச் சென்றது. 1920 ஏப்ரலில் வாஷிங்டனில் ஷாப்ளியும் கர்ட்டிஸும் எதிரெதிரே வாதிட்டனர். தீற்றல் பால்வீதிக்கு அப்பாற்பட்டதாயின், அவ்வொற்றை மீன் சாதாரணப் புதுமீன்களைவிடப் பல்லாயிரம் மடங்கு ஒளிர்ந்திருத்தல் வேண்டும். அது நடவாத காரியம், ஆதலின் தீற்றல் நமக்கு அண்மையிலேயே உளது என்பது ஷாப்ளியின் கட்சி. வாதம் செம்மையானதே; அடிப்படைதான் தவறு. புதுமீன்களில் இருவகை இருத்தல் கூடும் என்று கர்ட்டிஸ் விடைகூறினார்.

1923 அக்டோபரில் வில்சன் மலைத் தொலைநோக்கியால் எடுத்த ஒளிப்படத் தகட்டில், முறைப்படி ஒளி கூடிக் குறையும் மீனொன்றை அம்மேகத்திலேயே ஹபிள் கண்டார். அதனைக்கொண்டு அவர் கணித்த தொலைவு ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு. இன்றைய கணக்கு 25 இலட்சம். எனவே 1885இல் எரிந்தது மெய்யாகவே வெடித்துச் சிதறிய ஒரு மீன். அம்மண்டலம் முழுவதன் ஒளியில் பத்திலொரு பங்களவை அது தனித்து வீசியது! இத்தகையவற்றுக்கு ‘சூப்பர் நோவா’ என்னும் பெயரை பாடேயும் ஸ்விக்கியும் 1934இல் வெளியிட்ட கட்டுரைகளில் வழங்கினர்.

திங்கட்கணக்கில் நின்ற சுடரைக் காண்பது எளிது. நொடிப்பொழுதில் தோன்றி மறைவதை எங்ஙனம் பிடிப்பது? 2008 மார்ச் 19 அன்று, சூஃபி ‘அல்அவ்வா’ எனப் படம் வரைந்த கூட்டத்தின் திசையில், காமாக் கதிர் வெடிப்பொன்றின் ஒளி மின்னிற்று. 750 கோடி ஒளியாண்டுத் தொலைவு. எனினும் அரை நிமிட அளவு வெறுங்கண்ணுக்கே புலப்படத்தக்க பிரகாசம். பெருந்தொலைநோக்கிகள் திரும்புவதற்குள் அதன் உச்சம் கழிந்துவிடும். போலந்து நாட்டார் சிலி மலையில் நிறுவியிருந்த சிறு காமிரா, அரைமணி முன்னர் அருகே நிகழ்ந்த மற்றொரு வெடிப்பின் பொருட்டு, ஏற்கெனவே அப்பக்கம் திரும்பியிருந்தது. ஆதலால் தொடக்கம் முதலே படம் கிடைத்தது.

அவ்வேளையில் இருண்ட வானின்கீழ் நின்று அத்திசையை நோக்கியவர் எவரேனும் இருந்திருப்பின், தம் கண்ணாலேயே அதனைக் கண்டிருத்தல் கூடும்.