கணினிக்கு முந்தைய தரவகம்

கரியாஹாட்டை அடுத்த இந்துஸ்தான் பார்க்கில் மொழியியலறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி வாழ்ந்த 'சுதர்மா' இல்லம் உள்ளது. 1913இல் அவர் முதுகலைப் பட்டம் பெற்றது ஆங்கிலத்தில். ஆங்கில மொழியியலில் அடியெடுத்து வைக்கும் மாணவர்கள் இதை நினைவிற்கொள்ளலாம்.

ஹரப்பிரசாத் சாஸ்திரி 1907இல் நேபாளத்தில் கண்டெடுத்து, 1916இல் பதிப்பித்த சர்யாபதங்கள் எம்மொழிக்குரியவை? சொற்களை மட்டும் காட்டி எம்மொழியினரும் வாதிடலாம். ஆனால், 1926இல் வெளிவந்த வங்காள மொழி வரலாற்று நூலில் சட்டர்ஜி, பாடல்களில் மீண்டும் மீண்டும் பயிலும் உருபுகளையே சான்றாகக் கொண்டார்: ஆறாம் வேற்றுமை 'ஏர', இறந்தகால 'இல்', எதிர்கால 'இப்'. அவற்றைக் கொண்டு பாடல்களின் மொழி பழைய வங்காளம் என்று முடிவுசெய்தார்.

பத்து இலட்சம் சொற்களைக் கொண்ட பிரவுன் ஆங்கிலத் தரவகம் 1964இல்தான் உருவாயிற்று. சட்டர்ஜிக்குக் கிட்டியவையோ ஐம்பதுக்கும் குறைவான பாடல்கள். முறை மட்டும் ஒன்றே: தனிச்சொல்லை விடுத்து, திரும்பத் திரும்ப வரும் வடிவங்களை நோக்குதல்.

அம்முறைக்கும் எல்லை உண்டு. 'இல்', 'இப்' ஆகியவை இந்தியிலிருந்து இப்பாடல்களைப் பிரிக்கும். ஒடியாவிலிருந்தும் அசாமியத்திலிருந்தும் பிரிக்கமாட்டா, அங்கும் அவை உள்ளமையால். எனவேதான் அம்மொழியினரும் இன்றுவரை இப்பாடல்களைத் தம் தொல்லிலக்கியமாகப் போற்றுகின்றனர். தரவகத்தில் ஒரு வடிவத்தை எண்ணி முடித்ததும் மாணவர் எழுப்பவேண்டிய வினா இது: இவ்வடிவம் அண்டை மொழியிலும் உண்டா?