நிழலைச் சிறைப்பிடித்தல்

ஆரணியில் பட்டு நெய்வோர் இல்லங்களின் கூடத்துச் சுவர்களில், மஞ்சள் படிந்து முகம் பாதி கரைந்துபோன பழைய புகைப்படங்களை நாம் கண்டதுண்டு. அதே வீட்டுப் பெட்டியில் உள்ள பாட்டியாரின் சேலைச் சரிகையும் கறுத்திருக்கும். இரண்டும் வெள்ளியின் கதையே. பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது சரிகை. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவமோ நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களும் ஈரமும் இரண்டையும் அரிக்கின்றன. பட்டு இழை அறாதிருக்கத் தறிக்கூடத்தில் சற்று ஈரப்பதம் வேண்டும். படத்திற்கோ அதுவே பகை.

நிலையாமையைப் பேசும் இக்கருவியின் மூலத்தில் நம்மவரும் உள்ளனர். பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் (965 - 1040 அளவில்), சிறு துளைவழியே புகும் ஒளியில் கிரகண காலத்துச் சூரியன் பிறைவடிவாக விழுவதை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். ஆனால் அந்த பிம்பம் தங்காது. தங்கவைக்கும் வழி பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்தபோதுதான் ஃபிக்ஹு வினா எழுந்தது: இது தடுக்கப்பட்ட தஸ்வீரா?

எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ (1854 - 1935), புகைப்படம் உருவம் சமைத்தலன்று, ‘ஹப்ஸுழ் ழில்’, அதாவது நிழலைப் பிடித்துவைத்தல் என வாதிட்டு, ஆகுமென்றார். தேவ்பந்து மரபின் முஃப்தி முஹம்மது ஷஃபீ மறுத்து எழுதினார். முதலில் இசைந்த ஸையித் ஸுலைமான் நத்வியோ பின்னாளில் தம் கருத்தைத் திரும்பப் பெற்றார். (மாற்றிக்கொண்டதை மறைக்காத அந்தத் துணிவு இன்று அரிது.) இதற்கிடையே எகிப்திய அதிகாரி ஸாதிக் பே 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் படமெடுத்துவிட்டார். ஹரமை நோக்கி நின்ற உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டை 2002இல் இடிக்கப்பட்டபின் அதனைப் படங்களில்தான் காணவேண்டியுள்ளது.

நிழலைப் பிடிக்கலாம், நிறுத்த முடியுமா? ஸூரத்துல் ஃபுர்கானின் 45ஆம் வசனம், இறைவன் நாடியிருந்தால் நிழலை அசையாது வைத்திருப்பான் என்பதை நினைவூட்டுகிறது. ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோவின் திரையரங்கப் படங்களைக் காணும்போது இவ்வசனமே நம் நெஞ்சில் வருகிறது. 1970களில் அவர் தொடங்கிய முறை எளியது: திரைப்படம் ஓடும் நேரம் முழுதும் கேமராவின் கண்ணைத் திறந்தே வைத்தல். ஆயிரமாயிரம் காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, இறுதியில் எஞ்சுவது வெறும் வெண்திரை! அதன் ஒளியில் சுவர்களும் காலி இருக்கைகளும் மட்டும் புலனாகின்றன. ஓர் இரவின் கதை முழுவதையும் பிடிக்கப்போனால் கதையே மிஞ்சவில்லை. ஷைகு பகீத் இதனைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

நம் நாட்டு தயானிதா சிங்கின் ‘ஃபைல் ரூம்’ (2013) வேறு வழியில் செல்கிறது. ஆவணக் காப்பறைகளில் துணியில் கட்டிய காகித மூட்டைகளே அதன் பொருள். முகமில்லை, ஆயினும் உளுத்துவரும் காகிதத்தில் ஒரு சமூகத்தின் நினைவு கிடக்கிறது. தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடி எண்ணியப் பதிவாக்கியதும் இதே கவலையால்தான்.

நம் வீடுகளிலோ, மூத்தவர் மௌத்தானதும் பேணுதலின் பெயரால் படங்கள் கிழிக்கப்பட்டுள்ளன. நாமும் முன்னர் அவ்வாறு செய்யச் சொன்னவர்களே. இன்று அதில் உறுதியில்லை. சுவரில் மாட்டி மதிப்பளிப்பது வேறு, பெட்டியில் பத்திரப்படுத்துவது வேறு எனப் பிரித்தறிந்த உலமாக்கள் உண்டு. எனவே ஆரணி அன்பர்கள் வினவும்போது நாம் கூறுவது: சுவரிலிருந்து இறக்குங்கள், கிழிக்காதீர்கள்; ஈரமில்லா இடத்தில் வையுங்கள்; பின்புறம் பெயரும் ஊரும் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். அப்பெயரை அறிந்தவர் வீட்டில் இன்னும் ஒருவரோ இருவரோதான் இருப்பர்.