தோமாவின் பணிகள்: ஒரு பழம் நூலின் பிறப்பும் கொங்கு வணிகவழியும்

திருத்தூதர் தோமா இந்தியாவில் சமயம் பரப்பிய கதையை விரிவாகக் கூறும் மிகப் பழைய நூல் 'தோமாவின் பணிகள்' ஆகும். புதிய ஏற்பாட்டில் சேர்க்கப்படாமல், ஆனால் பழைய திருச்சபைகள் சிலவற்றில் விரும்பிப் படிக்கப்பட்ட புறநூல்களுள் ஒன்றான இதில் ஆசிரியர் பெயர் காணப்படவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமைப் பேராயர் போத்தியுஸ், இதனையும் பேதுரு, யோவான், அந்திரேயா, பவுல் ஆகியோரின் பணிகளைக் கூறும் நூல்களையும் லியூசியஸ் காரினஸ் என்பவரே இயற்றினார் என்று குறித்தார். எனினும் ஐந்தின் நடையும் கொள்கையும் தம்முள் மாறுபடுவதால் இக்கூற்றை இக்கால ஆய்வாளர் ஏற்பதில்லை.

நூல் பிறந்த ஊர் எதெஸ்ஸா என்பதே பெரும்பான்மைக் கருத்து. இன்று துருக்கியில் ஷான்லிஉர்ஃபா எனப்படும் இந்நகரில், அரமேய மொழியின் ஒரு கிளையான சிரியாக்கில், 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூல் எழுதப்பட்டது என்பர். ஆயினும் இன்று கிடைக்கும் சிரியாக் படிகள் பிற்காலக் கொள்கைக்கேற்பத் திருத்தப்பட்டவை என்பதால், பழைய வடிவத்தை அறியக் கிரேக்க மொழிபெயர்ப்பையும் உடன்வைத்து ஒப்பிட வேண்டியுள்ளது. நூலினுள் வரும் 'முத்துப் பாடல்' ஒரே ஒரு சிரியாக் படியிலும் ஒரே ஒரு கிரேக்கப் படியிலும் மட்டுமே காணப்படுவதால், அது தனியே வழங்கிப் பின்னர் சேர்க்கப்பட்டது என்று பலர் கருதுகின்றனர். எதெஸ்ஸாவில் வாழ்ந்த மெய்யியலாளர் பர்தைசான் (154–222), இந்தியத் தூதர்களிடம் கேட்டறிந்து இந்தியத் துறவிகளைப் பற்றி எழுதியவர். ஆகவே இந்தியச் செய்திகள் அந்நகரை எட்டியிருந்தன என்பதில் ஐயமில்லை.

கதையில் தோமாவைத் தச்சனாக விலைக்கு வாங்கி வரும் வணிகன் ஹப்பான், குண்டபார் என்னும் மன்னனின் ஆள். 19-ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைக்கும் வரை இம்மன்னன் கற்பனைப் பாத்திரமாகவே கருதப்பட்டான். தக்த்-இ-பாஹி கல்வெட்டு அவனது 26-ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. பலர் அதனைப் பொ.ஆ. 46-ஐ ஒட்டியதாகக் கணிப்பர். மன்னனின் பெயர் மெய்யாயினும் அது வடமேற்கு இந்தியாவைச் சேர்ந்தது. தோமாவைக் கொல்விக்கும் மஸ்தாய் மன்னனின் பெயரோ பாரசீகச் சாயல் கொண்டது. தென்னாட்டு ஊர் எதையும் நூலில் உறுதியாக அடையாளங்காண இயலவில்லை.

தென்னாட்டுக்கும் மேற்குக்கும் தொடர்பு இருந்ததற்குக் கொங்கு நாட்டில் வேறு சான்றுகள் உள்ளன. முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த வணிகவழி இன்றைய கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டப் பகுதிகளைக் கடந்து கரூரை அடைந்தது. காங்கேயத்தை அடுத்த படியூரில் கடல்நிறப் பச்சைக்கல் எனும் பெரில் மணி தோண்டப்பட்டது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வுகள் கல்மணித் தொழிற்கூடங்களையும், இரும்பு உருக்கிய உலைகளையும், நூல் நூற்ற தக்களிகளையும் வெளிக்கொணர்ந்தன. வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த புதையலில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து உரோம வெள்ளிக்காசுகள் நிறைந்திருந்தன. திபேரியஸின் ஆட்சி தோமாவின் வாழ்நாளோடு பொருந்துவது.

இச்சான்றுகள் 1-ஆம் நூற்றாண்டில் ஒருவர் மேற்கிலிருந்து இங்கு வந்திருக்கக்கூடும் என்பதைக் காட்டுமேயன்றி, தோமா வந்தார் என்பதை நிறுவமாட்டா. பொ.ஆ. 52-இல் அவர் கொடுங்கல்லூரில் இறங்கினார் என்னும் கேரள மரபு, வாய்மொழியாலும் பிற்கால ஏடுகளாலும் வழிவந்தது; எதெஸ்ஸா நூலின் வழியே அதனை மெய்ப்பிக்கவும் முடியாது, அந்நூல் வடமேற்கைப் பேசுகிறது என்பதால் அதனை மறுக்கவும் முடியாது. நூலின் காலம், நாணயத்தின் காலம், மரபின் காலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே எடைபோட்ட பின்னரே அவற்றை இணைத்துப் பேசுவது வரலாற்று முறைமைக்கு ஏற்றதாகும்.