சிறுநீரகத்தை அகற்றாமல் குருதியை நிறுத்துதல்

விபத்தில் சிறுநீரகம் கிழிந்தால் வயிற்றைத் திறந்தே ஆகவேண்டும் என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. உண்மையில் பெரும்பாலான காயங்கள் ஓய்வோடும் கண்காணிப்போடும் ஆறிவிடும். கசிவு நிற்காவிட்டால், தொடை நாடிக்குள்ளால் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே, கசியும் கிளையை உலோகச் சுருளாலோ ஜெலற்றின் துணுக்காலோ அடைப்பார்கள். சிறுநீரக நாடிக் கிளைகள் ஒன்றோடொன்று இணைவதில்லை. அடைத்த கிளைக்குரிய பகுதி செத்துவிடும். இழப்புத்தான், ஆனால் மிச்சப் பகுதி வேலை செய்யும். குருதியமுக்கம் சரிந்துகொண்டே போகிறவருக்கோ சத்திரசிகிச்சையைத் தாமதிக்க முடியாது.

வீடு திரும்பிய பிறகுதான் கூடுதல் கவனம் வேண்டும் என்பேன். காயப்பட்ட நாடி புடைத்து, ஓரிரு வாரங்கள் கழித்தும் வெடிக்கலாம். சிறுநீர் சிவந்தால் விடியும்வரை பொறுக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அதற்கும் பெரும்பாலும் இதே குழாய்வழிச் சிகிச்சைதான்.