'வெறும் கொழுப்புக்கட்டி' என்ற பேச்சு

காதுக்குக் கீழே வலியில்லாத கட்டி தெரிந்தால், நம்ம விவேக் நகர் வீடுகளில் 'வெறும் கொழுப்புக்கட்டிதான், விடுங்க' என்போம். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளின் வரலாற்றைப் படித்த எனக்கு அப்படிச் சொல்லத் துணிவில்லை. 1859இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் பில்ரோத் விவரித்த கலப்புக்கட்டியை, 1948இல் வில்லிஸ் 'பல்லுருச் சுரப்பிக்கட்டி' என்றார். அதனுள்ளும் அரிதாகக் கொழுப்புத் திசு நிறைந்திருக்கும். கொழுப்போடு சுரப்பித் திசுவும் கலந்த வேறொரு கட்டிக்கு 2001இல் ஜப்பானின் நகாவோ குழுவினர் 'சியாலோலிப்போமா' என்று பெயர் வைத்தார்கள். இரண்டுமே புற்றுநோயல்ல. ஆனால் பல்லுருக்கட்டியைக் கொழுப்பென்று எண்ணிச் சுரண்டி எடுத்தால் மறுபடி வளரும். விட்டுவைத்தால் பல ஆண்டுகளில் சிலருக்குப் புற்றாகவும் மாறும். காதோரச் சுரப்பியின் ஊடே முகநரம்பு வேறு ஓடுகிறது. எனவே ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் முதலில். முடிவான பெயர் நுண்ணோக்கியில்தான். ஓசூர் சாலையில் 1973இல் உருவான கித்வாய் நமக்கு எட்டும் தூரம்தானே! போய்க் காட்டிடுங்க.